ஓசையின் பிறப்பிடம்

தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியலை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் மாணவர் முகங்களில் ஒருவகைச் சோர்வு படர்வதை யாம் கண்டிருக்கிறோம். உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலியாகப் பிறக்கிறது என்று ஆசிரியர் கூறுவதை விளக்கி முடிப்பதற்குள் கடைசி வரிசையில் இரண்டு தலைகள் மேசையில் சாய்ந்துவிடும். காற்று ஒன்றே, அது நிற்கும் இடமும் அதனைத் தடுக்கும் உறுப்பும் மாறும்போது ஓசை மாறுகிறது என்னும் நுட்பம், தேர்வுக்கு வேண்டிய செய்தி என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. அதே நுட்பத்தை ஒரு மகிழுந்தின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கற்கும் வாய்ப்பு 2023-ஆம் ஆண்டு சூன் திங்களில் எமக்குக் கிட்டியது. தமிழ்த்துறை மலரில் இன்ஜினுக்கு என்ன வேலை என்று மூத்தோர் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். படித்த பின்னர் அவர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.

எம் தமக்கையின் மகன் ஷார்ஜாவில் மூன்றாண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவன். கையிலிருந்த சேமிப்பில் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி, வீடுகளுக்கு அலுமினியச் சன்னல் அமைத்துக் கொடுக்கும் தொழிலைத் திருச்சியில் தொடங்கினான். மணப்பாறை, முசிறி, துறையூர் என்று நாள்தோறும் அளவெடுக்கப் போகவேண்டும். வண்டி நின்றால் வருமானமும் நின்றுவிடும். நண்பர்கள் சொல்லைக் கேட்டு, அவன் அந்தக் காரின் இன்ஜினுக்குக் காற்று செல்லும் வழியை மாற்றினான். கம்பெனியிலிருந்து வந்த கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியையும் அதனுள் இருந்த காகித வடிகட்டியையும் கழற்றிவிட்டு, பளபளக்கும் அலுமினியக் குழாயும் அதன் முனையில் கூம்பு வடிவப் பஞ்சு வடிகட்டியுமாக வெளியில் விற்கும் ஒன்றை வாங்கிப் பொருத்தினான். மைலேஜ் கூடும், இழுவை கூடும் என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது. மைலேஜ் பற்றிய பேச்சை அவ்வளவாக நம்புவதற்கில்லை. இக்கால இன்ஜின்களில் காற்றின் அளவுக்குத் தக்கவாறு பெட்ரோலை அளந்துவிடும் பொறுப்பைக் கணினி ஏற்றுக்கொண்டுவிட்டது. சாதாரண ஓட்டத்தில் காற்றை மட்டுப்படுத்துவதோ ஆக்சிலரேட்டரோடு இணைந்த த்ராட்டில் தட்டு. அதற்கு முன்னால் இருக்கும் வடிகட்டியை மாற்றுவதால் மட்டும் பெட்ரோல் மிச்சமாகிவிடாது.

பொருத்திய மூன்றாம் நாளிலிருந்து வண்டியில் சத்தம் கேட்கத் தொடங்கியது. பெயர் சொல்ல வேண்டாத ஒரு பட்டறைக்கு அவன் ஓட்டிச் சென்றான். அங்கிருந்த இளைஞர் இரண்டு நிமிடம் காது கொடுத்துவிட்டு, “பேரிங் போயிருச்சு. இன்ஜினை இறக்கணும். நாற்பத்தையாயிரம் ஆகும்” என்றாராம். அன்றிரவு தமக்கை எமக்குத் தொலைபேசியில் பேசினார். “தம்பி, சின்னவளுக்கு நர்சிங் காலேஜ்ல பணம் கட்ட எடுத்து வச்சிருக்கிற வளையலை இவன் வண்டிக்குக் கேக்குறான். குடுக்கவா வேணாமா, நீயே சொல்லு” என்றார். வளையல் மூன்று பவுன். எமக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் யாராவது ஒருவர் “பொறு” என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நாள் பொறுக்குமாறு சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் மருமகனை அழைத்துக்கொண்டு பாலக்கரைப் பக்கம் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் சென்றோம். லாரிகளிலும் கார்களிலுமாக ஐம்பதாண்டுகள் உழைத்தவர். இடக்காது மந்தம், அதனாலேயே வலக்காதை மிகவும் கவனமாகப் பயன்படுத்துபவர்.

அவர் கருவி எதையும் கையில் எடுக்கவில்லை. இன்ஜினை இயக்கவும் சொல்லவில்லை. “என்ன தம்பி?” என்றார்.

“சத்தம் வருது அண்ணே.”

“சத்தம் வராத இன்ஜின் ஏது? என்ன சத்தம்?”

“கடகடன்னு…”

“கடகடவா, டொக்டொக்கா? கடகடன்னா ஏதோ தளர்ந்து கிடந்து ஆடுது. டொக்டொக்னா உள்ளே கனமான சாமான் அடி வாங்குது. ரெண்டும் வேற. யோசிச்சுச் சொல்லு.”

மருமகன் விழித்தான், யாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் இரட்டைக்கிளவி பிரிந்து ஒலிப்பதில்லை என்று தொல்காப்பியர் வரையறுப்பதை எத்தனையோ ஆண்டுகளாக நடத்திவருகிறோம். ‘கட’ தனியே நின்றால் கடந்து செல் என்று பொருள்படும். ‘கடகட’ என்று இரட்டித்து நின்றாலோ அது ஓசை. இவ்வகைச் சொற்களைக் கவிதைக்கு அழகு செய்வன என்றே பெரும்பாலும் கருதிவந்த எமக்கு, அவற்றைக் கொண்டு ஒருவர் பழுதை இனம் பிரிப்பது புதுமையாகப்பட்டது. பெரியவரின் சொற்பட்டியல் நீண்டது. டிக்டிக் என்றால் மேலே வால்வுப் பக்கம், கீச்கீச் என்றால் பெல்ட், உஸ் என்றால் எங்கோ காற்றுக் கசிவு, கிணுகிணு என்றால், அவரே சொன்னதுபோல், “தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி. அதுக்குத்தான் பயப்படணும்.”

அடுத்து வந்தவை எல்லாம் ‘எப்போது’ என்னும் கேள்விகள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? நின்றுகொண்டிருக்கும்போதா, ஓடும்போது மட்டுமா? ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதா, விடும்போதா? ஓடும் வண்டியில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால் நின்றுவிடுகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியின் கருத்தை அவரே விளக்கினார். நியூட்ரலில் இன்ஜின் வேகம் தணிந்துவிடும். சக்கரங்கள் முன்போலவே சுழலும். அப்போதும் சத்தம் குறையாமல் தொடர்ந்தால் அது சக்கரங்களின் பக்கத்தைச் சேர்ந்தது; இன்ஜினோடு சேர்ந்து தணிந்தால் இன்ஜினைச் சேர்ந்தது. ஒரு கேள்வி பாதி வண்டியை விசாரணையிலிருந்து விடுவித்துவிடுகிறது. மருமகனால் பாதிக் கேள்விகளுக்குத்தான் விடை சொல்ல முடிந்தது. எனினும் ஒன்றை உறுதியாகச் சொன்னான்: வடிகட்டியை மாற்றுவதற்கு முன் இச்சத்தம் இல்லை. “அப்ப மாத்தினதுல இருந்து ஆரம்பிப்போம்” என்றார் பெரியவர்.

இன்ஜினை இயக்கியவுடன் எமக்குக் கேட்டது ஒரே இரைச்சல். பெரியவருக்கோ அதில் நான்கு ஓசைகள் தனித்தனியே கேட்டன. மிதித்தவுடன் அடிவயிற்றிலிருந்து எழுவதுபோன்ற உறுமல், சும்மா ஓடும்போது மெல்லிய உஸ், இடையறாத டிக்டிக், மிதித்து இழுக்கும்போது மட்டும் கடகட.

உறுமலை அவர் உடனே ஒதுக்கிவிட்டார். அதற்குரிய காரணத்தைப் பிறகு எம் கல்லூரியின் இயற்பியல் துறை நண்பரோடு பேசித் தெளிந்தோம். இன்ஜின் தொடர்ச்சியாக மூச்சு விடுவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் தன் முறை வரும்போது ஒரு மிடறு காற்றை இழுக்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை இழுக்கும். நிமிடத்துக்கு 800 சுற்று என்று நின்ற இடத்தில் ஓடும்போது நொடிக்கு ஏறத்தாழ 27 இழுப்பு. 3,000 சுற்றில் நொடிக்கு 100 இழுப்பு. ஒவ்வோர் இழுப்பும் குழாயின் வழியே வெளியே ஓர் அதிர்வை அனுப்புகிறது. நொடிக்கு 100 அதிர்வு என்பது நம் காதுக்குக் கனத்த கீழ்க்குரல். த்ராட்டில் தட்டு ஏறக்குறைய மூடியிருக்கும்போது அவ்வோசை உள்ளேயே அடங்கிக் கிடக்கும். மிதித்துத் தட்டைத் திறந்தால் வாய் திறந்ததுபோல் வெளிப்படும். கம்பெனி வைத்த கறுப்புப் பெட்டி தூசியை மட்டும் தடுக்கவில்லை. அதன் வயிறும், பக்கவாட்டில் சில வண்டிகளில் எதற்கென்றே தெரியாமல் தொங்கும் மூடிய அறையும் இக்குரலை விழுங்குவதற்காகவே அமைந்தவை. வெறும் போத்தலின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுரம் எழுகிறதல்லவா? அதே இயல்பைத் திருப்பிப் பயன்படுத்தி ஒரு குறிப்பிட்ட சுரத்தை அடக்குவது அவ்வறை. செருமானிய அறிஞர் எல்ம்கோல்ட்சு (1821–1894) இத்தகைய அறைகளை ஆராய்ந்ததால் அவர் பெயராலேயே அவை வழங்குகின்றன. பெட்டி போயிற்று, அதனோடு அடக்கமும் போயிற்று. இது நோயன்று, இன்ஜினின் இயல்பான குரல்.

டிக்டிக் ஓசைக்கும் அவர் கவலைப்படவில்லை. நீண்ட திருப்புளியின் முனையை உலோகத்தின்மேல் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு எம்மையும் கேட்கச் சொன்னார். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் நான்கும் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தன. “இது பிறந்ததிலிருந்து இருக்கு. மேலே பெட்டி மூடியிருந்ததால உனக்குக் கேக்கலை” என்றார். புதிதாகக் கேட்பது வேறு, புதிதாகப் பிறப்பது வேறு என்பதை இவ்வளவு எளிமையாக எவரும் எமக்குச் சொன்னதில்லை. 1816-ஆம் ஆண்டில் பாரிசு நகர மருத்துவர் லென்னெக்கு காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதிலிருந்தே மருத்துவரின் காதுக்குழல் தோன்றியது. அந்தச் சந்தில் அவ்வேலையைச் செய்தது துருப்பிடித்த திருப்புளி.

உஸ் ஓசைக்கு அவர் ஒரு முழ நீள ரப்பர் ஹோசை எடுத்தார். ஒரு முனை வலக்காதில். மறுமுனையை இன்ஜினின் மேல் ஒவ்வோர் இணைப்பாகக் கொண்டுபோனார். நம் மிடற்றையும் அண்ணத்தையும் பல்லையும் நாம் வகுப்பில் வரிசையாகச் சொல்லிச் செல்வதுபோலவே இருந்தது அது. த்ராட்டிலுக்கு அப்பால், இன்ஜினோடு சேரும் பகுதியில் செருகியிருந்த மெல்லிய குழாய் ஒன்றின் அருகே வந்ததும் கை நின்றது. வெயிலிலும் சூட்டிலும் இறுகிப்போன அந்த ரப்பர், பழைய பெட்டியைப் பிடுங்கி எடுத்தபோது நுனியில் கீறிப் பிளந்திருக்கிறது. இன்ஜின் அதன் வழியே திருட்டுத்தனமாகக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. அவர் விரலால் அழுத்தி மூடினார். உஸ் நின்றது, அதுவரை ஏறியும் இறங்கியும் தடுமாறிய இன்ஜினின் ஓட்டம் ஒரே நிலைக்கு வந்தது. சிலர் இவ்விடங்களில் பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ தெளித்துக் கசிவைக் கண்டுபிடிப்பதுண்டு. சூடான இன்ஜினின்மேல் அது தீயை அழைப்பதற்கு ஒப்பாகும் என்று பெரியவர் எச்சரித்தார். மற்றோர் எச்சரிக்கையும் மாணவர்க்குப் பயன்படும். ரேடியேட்டர் முன்னுள்ள மின்விசிறி, இன்ஜினை நிறுத்திய பிறகும் தானே சுழலத் தொடங்கலாம். துண்டோ தொங்கும் சட்டைக்கையோ அதன் பக்கம் போகலாகாது.

நாற்பத்தையாயிரம் ரூபாய்க்குரிய கடகட ஓசைதான் எஞ்சியது. பெரியவர் மருமகனை வீட்டுக்கு அனுப்பி, பரணில் கிடந்த பழைய பெட்டியை எடுத்துவரச் சொன்னார். அதனைப் பூட்டி, கைப்பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, கிளட்சைச் சற்றே விட்டு இன்ஜினை முனகவைத்தார். கடகட இல்லை. மீண்டும் அலுமினியக் குழாயைப் பூட்டினார். கடகட வந்தது. “பேரிங் போயிருந்தா, பழைய பெட்டியைப் போட்டதும் ஆறிடுமா?” என்று கேட்டுவிட்டு, இன்ஜின் தன் ரப்பர் தாங்கிகளின்மேல் எப்பக்கம் சாய்கிறது என்று குனிந்து பார்த்தார். இழுக்கும்போது இன்ஜின் ஒரு விரற்கடை பின்னோக்கிச் சாய்ந்தது. அதனோடு சாய்ந்த குழாயின் வளைவு, பேட்டரியைத் தாங்கும் தகட்டைத் தொட்டது. தகட்டின் விளிம்பில் பெயிண்ட் உரிந்து காசளவு பளிச்சென்று மின்னியது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி இடையில் செருகினார். ஓசை அற்றது.

முதற்பட்டறை இளைஞரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எமக்கு மனமில்லை. மெல்லிய உலோகம் வண்டியின் உடலைத் தட்டும்போது உடல் முழுவதும் பறைபோல் அதிர்ந்து, ஓசை எங்கிருந்து எழுகிறது என்பதை மறைத்துவிடும். உள்ளேயிருக்கும் பேரிங் அடிபடுவது போலவே அது கேட்கக்கூடும். ஆனால் நாற்பத்தையாயிரம் ரூபாயைச் சொல்லுமுன் ஐந்து கேள்விகளாவது அவர் கேட்டிருக்கலாம்.

வேலை முடிந்தது என்று யாம் எழுந்தோம். பெரியவர் எழவில்லை. கசிவு இருந்த நாட்களில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்து எரிந்திருக்கலாம் என்பது அவருடைய ஐயம். பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று எடையில் 14.7 பங்கு என்பது சரியான கணக்கு. காற்று அதனை மிஞ்சினால், பளு இழுக்கும் நேரத்தில் சிலிண்டருக்குள் சூடு ஏறும். தீப்பொறியின் சுடர் வந்து சேருமுன்பே மூலையில் இருக்கும் கலவை தானே வெடிக்கும். அதுவே கிணுகிணு. பல கார்களில் இன்ஜினின் உடம்பிலேயே இதற்கென ஒரு செவி பொருத்தப்பட்டுள்ளது; நொடிக்கு 6,000, 7,000 அதிர்வுகள் அளவில் எழும் இவ்வோசையைக் கேட்டவுடன் கணினி தீப்பொறியின் நேரத்தைத் தாமதப்படுத்தும். அதற்கும் எல்லை உண்டு. தொடர்ந்து நிகழ்ந்தால் பிஸ்டன் உருகி ஓட்டை விழுவதும் உண்டு.

உச்சி வெயிலில், மேம்பாலத்தின் ஏற்றத்தில், மேல் கியரிலேயே வண்டியை ஏற்றச் சொல்லி அவர் பக்கத்தில் அமர்ந்தார். யாம் பின்னால் இருந்தோம். பாலத்தின் நடுவில் அது வந்தது. மிக மெல்லியது, சொல்லியிராவிட்டால் எமக்குக் கேட்டே இராது. கசிவை அடைத்த பிறகும் ஏன்? பெரியவர் கீழே இறங்கி வடிகட்டியைத் தொட்டுக் காட்டினார், கை சுட்டது. பழைய பெட்டி தன் மூக்கை முன்பக்கம் நீட்டி வெளிக்காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. புதிய கூம்போ இன்ஜினின் பக்கத்திலேயே திறந்து நின்று, அதன் சூட்டையே திரும்ப மூச்சிழுத்தது. சூடான காற்று கிணுகிணுவுக்குத் துணை. அதற்கு முன்னால் தகடு வைத்து மறைக்கலாம் என்றார் பெரியவர்; குழாயை நீட்டிக் கீழே பம்பருக்குப் பக்கத்தில் கொண்டுபோகலாமா என்று மருமகன் கேட்டான். 2015 திசம்பரில் சென்னை வெள்ளத்தில் தண்ணீரைக் குடித்து மடங்கிய இன்ஜின்களைப் பற்றிப் பெரியவர் சொன்னதும் அவன் அப்பேச்சை விட்டுவிட்டான். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் கனெக்டிங் ராடு வளையும்.

அரை மணி நேரம் யோசித்த பிறகு பழைய பெட்டியையே பூட்டச் சொன்னான். அந்த உறுமலை இழப்பதில் அவனுக்கு வருத்தம் இருந்தது. அவ்வயதில் அது இயல்பே. பெட்டியோடு மறுபடியும் பாலத்தில் ஏறினோம், கிணுகிணு இல்லை. குழாய் நுனியை அரை அங்குலம் வெட்டி மீண்டும் செருகியதற்கும், புதிய கிளாம்ப் ஒன்றுக்கும், ஏறத்தாழ ஒரு பகல் முழுவதும் செலவிட்ட காதுக்குமாகப் பெரியவர் கேட்டது அறுநூறு ரூபாய். எண்ணூறு கொடுத்தோம்; இருநூற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த வாரமே வளையல் வங்கிக்குச் சென்று கல்லூரிக் கட்டணமாக மாறியது. மருமகள் இப்போது செவிலியர் படிப்பில் இருக்கிறாள். காதுக்குழலை எங்கே வைத்தால் எந்த ஓசை கேட்கும் என்று எமக்கே பாடம் எடுக்கிறாள்.

சென்ற ஆண்டு மருமகன் பெரியவருக்குத் தொலைபேசியில் பேசியபோது யாம் உடனிருந்தோம். “அண்ணே, நாற்பதுக்கு மேலே போனா ‘ஊம்’முன்னு ஒரு இரைச்சல். நியூட்ரல்ல போட்டாலும் குறையலை. வலப்பக்கம் திரும்பினா கூடுது, இடப்பக்கம் திரும்பினா அடங்குது” என்றான்.

“இடப்பக்க முன்சக்கரம், வீல் பேரிங். வரும்போதே வாங்கிட்டு வந்துரு” என்று மறுமுனையில் குரல் கேட்டது.